பெயரில்லாத மருந்துத் துண்டு

கண்ணாற் காணாத ஒருவருக்கு வைத்தியர் மருந்து எழுதலாமா? நாடியைத் தொடாமலும், நாக்கைப் பாராமலும், பெயரைக்கூடக் கேளாமலும் ஒருவருக்கு மருந்து கொடுப்பது வைத்திய அறத்துக்கு ஒக்குமா? இக்கேள்வியை நமது ஊரில் எவரிடம் கேட்டாலும் 'ஒக்காது' என்ற மறுமொழியே வரும். வைத்தியக் கல்லூரிகளும் அவ்வாறே போதிக்கின்றன. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள், சில நோய்களைப் பொறுத்தமட்டில், இதற்குச் சட்டப்படி இடமளித்திருக்கின்றன. அவ்வாறான சட்டமொன்று நடைமுறையிலிருந்த காலத்தில், அதன் கடைசிப் படியிலே, அதாவது மருந்தை எடுத்துக் கையிற் கொடுக்கும் மேசைக்குப் பின்னால், நான் நின்றிருக்கிறேன். 2004ஆம் ஆண்டு தொடக்கம் 2022ஆம் ஆண்டுவரை கலிபோர்னியா மாநிலத்தின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் மருந்தாளனாகத் தொழில் புரிந்தவன் நான். அங்கே கண்டவற்றையும் அவைபற்றி எண்ணியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பாலுறவாற் பரவும் நோய்களைப் பற்றியது இச்சட்டம். இவ்வாறு சொன்னதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆசிரிய நண்பர்கள் எனக்குண்டு. கசநோயைப்பற்றி நாம் மேடையேறிப் பேசுகிறோம். மலேரியாவைப்பற்றிப் பரீட்சைக்கு வினா எழுதுகிறோம். வெட்டை, கிரந்தி என்னும் சொற்களை மட்டும் சுவர்களில் ஒட்டப்படும் போலி வைத்தியர் விளம்பரங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். நாகரிகம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பேசாதிருப்பதால் எவருக்கும் நோய் குணமானதாக நான் அறியேன்.

நோயின் இயல்பை முதலிற் சொல்லவேண்டும். கிளமிடியா என்னும் தொற்றும் வெட்டை நோயும் நுண்கிருமிகளால் வருபவை. உரிய மருந்தினால் முற்றாகக் குணமாகுபவை. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிளமிடியாத் தொற்றுக்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெட்டைத் தொற்றுக்களும் பதிவாயின. கிளமிடியா பிடித்த பெண்களுட் பெரும்பாலோருக்கும் ஆண்களுட் பலருக்கும் எவ்வித அறிகுறியும் தோன்றாது. நோவில்லை, காய்ச்சலில்லை, ஆகவே வைத்தியரிடம் செல்லும் எண்ணமும் எழுவதில்லை. ஆனால் பெண்ணின் உடலில் அக்கிருமி மேலேறிக் கருக்குழாய்களைத் தழும்பாக்கிவிடக்கூடும். பின்னர் பிள்ளைப்பேறு இல்லாமற் போகலாம். அல்லது கரு கருப்பைக்கு வெளியே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தொற்று மீண்டும் மீண்டும் வருமாயின் இவ்வாபத்தும் பெருகும்.

மீண்டும் ஏன் வருகிறது? ஒரு பெண் மருந்தை விழுங்கிக் குணமடைகிறாள். வீட்டிலே இருப்பவன் மருந்து எடுக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு வீட்டின் இரு கதவுகளுள் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு வைத்தியர் தம் வேலை முடிந்ததென்று கையைக் கழுவிக்கொள்கிறார். "உன் துணைவரையும் வந்து காட்டச் சொல்" என்று அவர் சொல்லி அனுப்பினாரே என்பீர்கள். சொன்னார். அவன் வந்தானா என்பதை யார் பார்த்தது?

நான் வேலைசெய்த பள்ளத்தாக்கு முந்திரிகைத் தோட்டங்களாலும் வாதுமைத் தோப்புக்களாலும் நிறைந்தது. 1965ஆம் ஆண்டில் டெலானோ என்னும் சிற்றூரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளரும் மெக்சிக்கத் தொழிலாளரும் கைகோத்து நடத்திய முந்திரிகைப் பறிப்போர் வேலைநிறுத்தத்தைப்பற்றி நம்மவர் சிலர் வாசித்திருக்கக்கூடும். ஐந்தாண்டு காலம் நீடித்து ஒப்பந்தங்களை வென்றெடுத்த போராட்டம் அது. அந்த நிலத்தில் இன்றும் பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களே. வேலை விடியுமுன் தொடங்கும். வைத்திய நிலையமோ அலுவலக நேரத்திலேதான் திறந்திருக்கும். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாட் கூலி இல்லை. கையிற் குடியுரிமைக் கடதாசி இல்லாதவனுக்குப் பெயர், முகவரி, பிறந்த திகதி எழுதித் தரச்சொல்லும் எந்தக் கட்டடமும் பொலிஸ் நிலையம்போலவே தோன்றும். நோவும் இல்லாத ஒருவன், தன் மனைவி சொன்னாள் என்பதற்காக, இத்தனையையும் தாண்டி வருவான் என்று எதிர்பார்ப்பவர்கள் அவனுடைய நாளை ஒருமுறையேனும் வாழ்ந்து பார்த்ததில்லை.

கலிபோர்னியாவின் தொழிற்சட்டம், தக்க முன்பரிசோதனையின்றி மருந்து எழுதும் வைத்தியர் தொழில் நெறி தவறியவராவார் என்கிறது. நல்ல சட்டம். பணத்துக்காகக் கண்டவருக்கும் மருந்து எழுதும் வியாபாரிகளிடமிருந்து மக்களைக் காப்பது. ஆனால் அச்சட்டத்தை எழுதியவர்களின் மனத்திலிருந்த படம், மேசைக்கு ஒருபுறம் வைத்தியரும் மறுபுறம் ஒரு நோயாளியும் அமர்ந்திருக்கும் படம். இந்நோய்களோ இருவருக்கு இடையில் வாழ்பவை. மேசைக்கு முன்னே நாற்காலி ஒன்றே கிடக்கிறது.

நல்ல வைத்தியர்கள் சட்டத்துக்கு முன்னரே வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தியின் பெயரிலேயே இரட்டிப்பு அளவு மருந்து எழுதிக்கொடுப்பார்கள். துண்டைப் பார்த்ததும் மருந்தாளனுக்கு விளங்கிவிடும். சட்டப்படி அது பொய். ஆனால் அப்பொய் யாருக்கும் தீங்கு செய்வதற்காக எழுதப்பட்டதன்று. எத்தனையோ நேர்மையான மனிதரை ஒரு சிறு பொய்யைச் சொல்லவைத்துத்தான் நோய் ஒழிப்பு நடைபெற்றுவந்தது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

அந்தப் பொய்யின் தேவையை முதலில் நீக்கியது கலிபோர்னியாதான். 2001ஆம் ஆண்டிலிருந்து, கிளமிடியாத் தொற்றுள்ளவரின் துணைவரைப் பரிசோதியாமலே அவருக்கும் மருந்து தரலாம் என அம்மாநிலச் சட்டம் அனுமதித்தது. 2007இல் வெட்டை நோயும் சேர்க்கப்பட்டது. இதற்கிடையில் சியாற்றில் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நோயாளிகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2005இல் 'நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகை'யில் வெளிவந்தது. துணைவரை வரச்சொல்லி அனுப்பும் பழைய முறையில், வெட்டை நோயாளருள் நூற்றுக்கு 11 பேரிடம் பின்னரும் நோய் காணப்பட்டது. மருந்தையே கொடுத்தனுப்பும் புதிய முறையில் நூற்றுக்கு 3 பேரிடமே காணப்பட்டது. கிளமிடியாவில் வேறுபாடு சிறிது: 13க்கு 11. அற்புத மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வாஷிங்டன் மாநிலம் முழுவதிலும் இம்முறையைப் பரப்பிப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானபோது, நோய் ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறைந்ததாகத் தென்பட்டாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றே ஆய்வாளர் ஒப்புக்கொண்டனர். எனினும் 2006இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மத்திய நிலையம் இம்முறையைப் பயனுள்ள வழிகளுள் ஒன்றென ஏற்று வழிகாட்டி வெளியிட்டது. 2008இல் அந்நாட்டுச் சட்டத்தரணிகள் சங்கமும் இதற்குரிய சட்டத் தடைகளை நீக்குமாறு கோரியது. ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் சட்டம் இயற்றின. நியூயோர்க் 2009இல் கிளமிடியாவுக்கு மட்டும் கதவைத் திறந்தது. சில மாநிலங்களில் சட்டம் நெடுங்காலம் மௌனமாகவே இருந்தது. மௌனத்தைக் கண்டு வைத்தியர்கள் அஞ்சினார்கள். தடை எழுதியிருந்தால் அதை எதிர்த்துப் போராடலாம். மௌனத்தை எதிர்த்து எவ்வாறு போராடுவது?

சட்டம் வந்தபின் மேசைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

ஒரு மாலை. வரிசையில் ஏழெட்டுப் பேர். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பழம் பொதிசெய்யும் சாலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும், தலையில் துணி கட்டியபடியே நின்று இரண்டு துண்டுகளை நீட்டினாள். ஒன்று அவளுக்கு, மற்றது அவள் கணவனுக்கு. புதிதாகக் கொடுக்கும் மருந்தைப்பற்றி வாயால் விளக்கிக் கூறுவது அங்கே மருந்தாளனின் சட்டக் கடமை. அவளுக்குச் சொல்வதை அவளுக்குச் சொன்னேன். இனி இல்லாதவனுக்குச் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்லவேண்டும். "அம்மா, அவருக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?" என்று கேட்டேன். சிறிது யோசித்தாள். "அவர் மருந்து குடித்து நான் கண்டதேயில்லை" என்றாள். பத்தாண்டு அவனோடு வாழ்ந்தவள். அவன் எதை விரும்பி உண்பான் என்று கேட்டிருந்தால் ஒரு பட்டியலே சொல்லியிருப்பாள்.

பிறகு விலை வந்தது. அவளுடைய மருந்துக்குக் காப்புறுதி பணம் கொடுக்கும். அவன் அக்காப்புறுதியில் இல்லை. அவனுடைய மருந்துக்கு முழு விலை. அவனுடைய அரைநாட் கூலி. கைப்பையைத் திறந்து, வரிசையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எண்ணினாள். போதவில்லை. "இதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன், அவருடையதை வெள்ளிக்கிழமை எடுக்கலாமா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சம்பள நாள். அவள் இன்று மருந்தெடுத்து அவன் ஒரு வாரம் கழித்து எடுப்பதிற் பயன் எதுவுமில்லை என்பதை, பின்னால் நிற்பவர்களின் காதில் விழாதபடி, நான் விளக்கினேன். அப்படியானால் இரண்டையுமே வெள்ளிக்கிழமை எடுக்கிறேன் என்று துண்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் வெள்ளிக்கிழமை வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வராதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கடையிலும் கணக்கேடு இல்லை.

சட்டசபை ஒரு கதவைத் திறந்துவிட்டது. கதவடியில் ஒரு காசாளனை நிறுத்திவைத்தது. மருந்து எழுதும் உரிமையைக் கொடுத்த சட்டம், மருந்து வாங்கும் வகையைக் கொடுக்கவில்லை. கலிபோர்னியாவில் தகுதிபெற்ற சில சிகிச்சை நிலையங்களுக்கு இம்மருந்தை இலவசமாக அனுப்பும் திட்டமொன்று உண்டு என்பதை மறைக்கக்கூடாது. அங்கெல்லாம் துண்டுக்குப் பதிலாக மருந்துப் பொதியே நோயாளியின் கைக்கு வருகிறது. அதுவே சரியான முறை என்பது என் துணிபு. துண்டு என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. இலாபத்துக்காக நடத்தப்படும் கடையிலே அவ்வாக்குறுதி மீண்டும் பணமாக மாறினாற்றான் மருந்தாகும்.

இனி இச்சட்டத்தில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த பகுதிக்கு வருகிறேன். அது பெயரைப் பற்றியது.

இந்நோய்களைப் பற்றிய சட்டங்களின் வரலாறு, பெயர்களைத் தேடிப்பிடித்த வரலாறாகவே இருந்திருக்கிறது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1864, 1866, 1869ஆம் ஆண்டுகளில் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். படைமுகாம்கள் உள்ள நகரங்களில் பொலிஸார் ஐயங்கொண்ட எந்தப் பெண்ணையும் பலவந்தமாக உடற்பரிசோதனைக்கு உட்படுத்தலாம். நோய் கண்டால் பூட்டிவைக்கலாம். அவளிடம் சென்ற சிப்பாயை எவரும் பரிசோதிக்கவில்லை. சிப்பாயின் நலத்துக்காகப் பெண்ணின் உடலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவற்றைப் போன்ற சட்டங்கள் நமது தீவு உட்படப் பேரரசின் பல குடியேற்றங்களிலும் நிலவின. யோசபின் பட்லர் முதலானோரின் நெடும் போராட்டத்தின் பின் 1886இல் இங்கிலாந்தில் அவை நீக்கப்பட்டன. முதலாம் உலகயுத்த காலத்தில் ஐக்கிய அமெரிக்கா அதே பாடத்தைத் திரும்ப நடத்தியது: ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்கின்றி அடைக்கப்பட்டனர். இரண்டாம் யுத்தத்தின்போது, 1942இல், பிரித்தானியா 33பி என்னும் பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. இரு நோயாளர் ஒருவரின் பெயரையே சொல்வாராயின் அவரைக் கட்டாயமாகச் சிகிச்சைக்கு உட்படுத்தலாம். எழுத்தில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நடைமுறையில் பெண்களின்மீதே பாய்ந்தது.

பெயர் கிடைத்தும் மருந்து கொடுக்காத வரலாறும் உண்டு. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோய்கொண்ட ஏறக்குறைய 400 கறுப்பினக் குத்தகை விவசாயிகளையும் தொழிலாளரையும், சிகிச்சையளிப்பதாக நம்பவைத்துச் சிகிச்சையளியாமலே, அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அவதானித்து வந்தது. 1940களின் நடுவிலிருந்து பென்சிலின் கைக்கெட்டும் மருந்தாகியிருந்தும் கொடுக்கப்படவில்லை. அம்மனிதருக்கு மனைவியர் இருந்தனர், பிள்ளைகள் பிறந்தனர். அரசாங்க உதவித் திட்டத்தில் மனைவியர், விதவைகள், பிள்ளைகள் ஆகியோரும் சேர்க்கப்பட்டது 1975ஆம் ஆண்டில். ஒவ்வொருவரின் பெயரும் கோப்பில் இருந்தது. கோப்பு ஒழுங்காகப் பேணப்பட்டது. அவ்வவதானிப்பின் கடைசி ஆண்டுகளை நடத்தியது, 2006இல் துணைவருக்கும் மருந்து கொடுங்கள் என்று வழிகாட்டிய அதே நோய்க் கட்டுப்பாட்டு மத்திய நிலையந்தான். ஒரு நிறுவனம் முப்பத்துநான்கு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நடந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அதைத் தானாக நடக்கவிட்டிருந்தால் நடந்திருக்குமா என்ற ஐயம் எனக்குண்டு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்களின் போராட்டமும் பின்னாலிருந்து தள்ளாவிடில் அரசாங்கக் கோப்புக்கள் அவ்வளவு எளிதில் மனச்சாட்சி பெறுவதில்லை.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால், 2021இல் நிறைவேறி 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டத்தின் ஒரு வரி எவ்வளவு புதுமையானது என்பது புலப்படும். 'துணைவருக்கான துரித சிகிச்சை' என்ற சொற்களோ அவற்றின் முதலெழுத்துக்களோ துண்டில் இருந்தாற் போதும். மருந்தை உண்ணப்போகிறவரின் பெயர் வேண்டியதில்லை. அத்துண்டுக்கு மருந்தாளன் மருந்து கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு விதிப்படி கொடுத்த வைத்தியர்மீது வழக்கும் வராது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெயர் கேட்டு வந்த சட்டம், இந்த ஒரு விடயத்தில், 'நீ யாராயினும் ஆகுக; மருந்தை உண்' என்கிறது. வயலில் வேலைசெய்யும் கடதாசியற்ற மனிதனுக்கு இதைவிட நல்ல செய்தியை ஓர் அரசாங்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டம் சொல்லிவிட்டது, கணினி ஒப்புக்கொள்ளவில்லை. நான் அப்போது வேலைசெய்த கடையின் கணினி, பெயரும் பிறந்த திகதியும் இல்லாமல் அடுத்த திரைக்கு நகராது. மேலாளரைக் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கேட்கவேண்டும் என்றார். தலைமை அலுவலகம் வெகு தொலைவில் இன்னொரு மாநிலத்தில் இருந்தது. வாரங்கள் பல கழிந்தபின்னரே ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கிடையில், துண்டோடு வந்த பெண்களிடம் வைத்தியர் கேளாத பெயரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இச்சட்டத்தை எதிர்ப்போரின் வாதங்கள் எல்லாவற்றையும் பிற்போக்கென்று ஒதுக்கிவிட முடியாது. மருந்து ஒவ்வாத உடல்கள் உண்டு. ஆகையால் மருந்தோடு எச்சரிக்கைக் குறிப்பும் போகவேண்டும் என்பது விதி. அக்குறிப்பை வாசிக்கத் தெரியாதவர்களும் உண்டு என்பதை விதி எழுதியவர்கள் சிந்தித்தார்களோ என்னவோ. வைத்தியரைக் காணாதவனுக்கு வேறு நோய்களும், எயிட்ஸ் கிருமி உட்பட, இருந்து கண்டுபிடிக்கப்படாமற் போகலாம். பிரித்தானியாவில் இக்காரணங்களைச் சொல்லி அமெரிக்க முறையை ஏற்காமல், துணைவரோடு தொலைபேசியிற் பேசிய பின்னரே மருந்து அனுப்பும் ஒரு நடுவழியைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். தொலைபேசியை எடுத்துப் பேசத் துணிபவனுக்கு அது நல்ல வழியே.

இவற்றையெல்லாம்விடக் கனமான வாதம் ஒன்றுண்டு. அதைச் சட்டசபைகளில் அதிகம் பேர் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. மருந்தைக் கொண்டுபோகிறவள் பெரும்பாலும் பெண். இந்த மாத்திரையை அவன் கையில் வைக்கும் கணத்தில் 'உனக்கு இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி அவள்மேல் விழும். அது அவனிடமிருந்தே அவளுக்கு வந்ததாயிருந்தாலும் விழும். அடி விழும் வீடு எது என்பதை வைத்தியர் கேட்டறியவேண்டும், அச்சம் இருந்தால் அவள் கையில் மருந்தைக் கொடுத்தனுப்பக்கூடாது என்று வழிகாட்டிகள் கூறுகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடும் வைத்தியர் இக்கேள்வியைக் கேட்பது எப்போது? மருந்துப் பொதியை மேசையில் விட்டுவிட்டு, "அவருடையதை வைத்துக்கொள்ளுங்கள், நான் பிறகு வருகிறேன்" என்று சொல்லிச் சென்ற பெண்கள் இருவரை நான் கண்டிருக்கிறேன். பணம் கட்டிய பின்னர் விட்டுச் சென்றார்கள்.

ஒழுக்கத்தின் பெயரால் எழுப்பப்படும் வாதத்துக்கு அதிக இடம் கொடுக்க நான் விரும்பவில்லை. துணைவரின் மருந்து ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோகும் என்போர், கருக்குழாய் அடைபட்ட ஒரு பெண்ணை ஒழுக்கம் எவ்வாறு குணப்படுத்தும் என்பதை விளக்கட்டும்.

மருந்துகளும் மாறிவிட்டன. முன்பு கிளமிடியாவுக்கு அசித்ரோமைசின் என்னும் மருந்தை ஒரே வேளையில் விழுங்கினாற் போதும் என்றிருந்தது. மனைவி பார்த்திருக்கவே விழுங்கிவிடலாம். 2021இல் வெளியான வழிகாட்டி டொக்சிசைக்கிளினுக்கு முதலிடம் தந்தது. நாளுக்கு இருமுறை, ஏழு நாட்கள். விடியுமுன் வயலுக்குப் போகிறவன் பதினான்கு மாத்திரைகளையும் ஒழுங்காக எடுப்பானா? வெட்டைக் கிருமியோ மருந்துகளை ஒவ்வொன்றாக வென்றுவருவதால், இப்போது வைத்தியரிடம் வருபவருக்கு ஊசியே முதன்மைச் சிகிச்சை. வீட்டிலிருப்பவருக்கு ஊசியைக் கொடுத்தனுப்ப முடியாதாகையால் வாயால் உண்ணும் சிபிக்சிம் அனுப்பப்படுகிறது. வந்தவளுக்கு முதல்தர மருந்து, வராதவனுக்கு இரண்டாந்தர மருந்து.

கிரந்திக்கு அதுவுமில்லை. பென்சிலின் ஊசியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோக இயலாது. ஆகவே இம்முறை கிரந்திக்கு ஏற்றதன்று. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 3,700க்கு மேற்பட்ட குழந்தைகள் தாயின் வயிற்றிலேயே கிரந்தி தொற்றியவையாகப் பதிவாயின; பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைப் போலப் பத்து மடங்கு. தாய்க்கு ஊசி போட்டு, தந்தையை வரச்சொல்லி அனுப்பி, அவன் வராமல், பிள்ளைப்பேற்றுக்கு முன்னர் அவளுக்கு மீண்டும் தொற்றிய கதைகளும் அவற்றுள் அடங்கும். சில இடங்களில் பொதுச் சுகாதாரத் தாதியர் ஊசியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வீடுகளுக்கும் தெருவோரக் கூடாரங்களுக்கும் தாங்களே செல்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பணம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டுக்கு முன்வரிசையில் நிற்கிறது.